மூலையிலிருந்து மூலைவரை

படம் ஓடும் அறையில் பக்கச் சுவருக்கு ஒரே வேலைதான்: கண்ணில் படாமல் இருப்பது. மற்ற அறைகளின் சுவர்கள் நாட்காட்டியைத் தாங்கும், தாத்தா பாட்டி படங்களைத் தாங்கும், சாயங்கால வெயிலை வாங்கி அறைக்குள் பரப்பும். இந்தச் சுவர் எதையும் திருப்பித் தரக்கூடாது. புரொஜெக்டரிலிருந்து கிளம்பிய ஒளி திரையில் பட்டு நம் கண்ணுக்கு வந்தால் போதும். திரையிலிருந்து சிதறிச் சுவரைத் தொட்ட ஒளி சுவரிலேயே அடங்கிவிட வேண்டும். வீட்டில் திரையரங்கு அமைப்பவர்கள் கரும்சாம்பலையும் அடர்மெரூனையும் கருநீலத்தையும் தேடிப் போவது இதனால்தான். வெள்ளைச் சுவர் தன்மேல் விழும் ஒளியில் 80 சதவீதத்துக்கு மேல் திருப்பி அனுப்பும். நல்ல கரும்சாம்பல் மேட் பெயிண்ட் 10 சதவீதத்துக்கும் கீழேதான் அனுப்பும். ஒரே காட்சியில் விளக்கொளியும் நிழலும் சேர்ந்து வரும்போது அந்த நிழல் உண்மையிலேயே கறுப்பாகத் தெரியுமா, சாயம்போன சாம்பலாகத் தெரியுமா என்பதைப் பெரும்பாலும் அறையின் சுவர்களே முடிவு செய்கின்றன.

திரைப்படம் எவ்வளவு குறைந்த ஒளியில் வாழும் கலை என்பதை நாம் அதிகம் நினைப்பதில்லை. டிஜிட்டல் திரையரங்குகளுக்கான தரவரையறைப்படி, திரையில் முழு வெண்மைக்கு உரிய ஒளிர்வு சதுர மீட்டருக்கு 48 கேண்டெலா. நம் கைபேசி பகலில் இதைப்போலப் பல மடங்கு ஒளிர்கிறது. அவ்வளவு சிக்கனமான வெளிச்சத்தில்தான் ஒளிப்பதிவாளர் ஒரு முகத்தின் பாதியை இருட்டில் விட்டு மீதியைக் காட்டுகிறார். அந்தப் பாதி இருட்டுக்குள் சுவர் தன் வெளிச்சத்தைக் கலந்தால், கெடுவது அவருடைய உழைப்பு.

மதுரையில் என் நண்பர் ஒருவர் தம் மாடியறையை இப்படி மாற்றினார். பழைய இளமஞ்சள் சுவர்களில் விரிசல்களைப் பட்டி வைத்து அடைத்து, மேலே கரும்சாம்பல் பூசியாயிற்று. உலர்ந்த பிறகு பகலில் ஜன்னலைத் திறந்து பார்த்தபோது குறையொன்றும் தெரியவில்லை. இரவில் படம் போட்டதும் தெரிந்தது. பாலைவனக் காட்சி ஒன்று வந்து திரை முழுக்க வெளிச்சம் நிறைந்த நேரத்தில் இடதுபக்கச் சுவர் விழித்துக்கொண்டது. அங்கங்கே வெளிறிய திட்டுகள். ரோலர் ஏறி இறங்கிய தடங்கள் பட்டை பட்டையாக. கூரையை ஒட்டி ஒரு சாண் அகலத்துக்குச் சட்டம் போட்டதுபோலக் கரிய கரை. காட்சி இருண்டதும் எல்லாம் மறைந்தன. அடுத்த வெளிச்சத்தில் திரும்ப வந்தன. நண்பரின் மனைவி படத்தை விட்டுவிட்டுச் சுவரையே பார்க்கத் தொடங்கிவிட்டார். ஒருமுறை பார்த்துவிட்டால் பிறகு பார்க்காமல் இருக்க முடியாது என்பதுதான் இந்தக் குறையின் கொடுமை.

பகலில் மறைந்தது இரவில் தெரிந்ததற்குக் காரணம், ஒளி வந்த திசை. ஜன்னல் வெளிச்சம் எதிரிலிருந்து வந்து சுவர் முழுக்கப் பரவுகிறது. திரையின் வெளிச்சம் சுவரின் ஒரு முனையில் பிறந்து, சுவரை உரசிக்கொண்டே மறுமுனைக்குப் போகிறது. பட்டி பார்க்கும் தொழிலாளர்கள் குண்டு பல்பைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து மேடுபள்ளம் பார்ப்பார்கள். அந்தச் சோதனையை ஒவ்வொரு படமும் தானாகவே நடத்திவிடுகிறது. யோகான் ஹைன்ரிக் லாம்பர்ட் 1760இல் வெளியிட்ட ‘ஃபோட்டோமெட்ரியா’வில், எந்தக் கோணத்தில் பார்த்தாலும் ஒரே அளவு வெளிச்சமாகத் தெரியும் பரப்பு ஒன்றின் கணக்கை எழுதிவைத்தார். இலட்சிய மேட் பரப்பு அது. கடையில் கிடைக்கும் எந்தப் பெயிண்டும் அதுவாக ஆவதில்லை. எவ்வளவு மங்கலான பூச்சும் சாய்கோணத்தில் கொஞ்சம் மினுங்கவே செய்யும். அந்த மினுக்கம் சுவர் முழுக்க ஒரே அளவில் இருந்தால் கண் அதைப் பொருட்படுத்தாது. இடத்துக்கு இடம் மாறினால் விடாது.

நண்பர் புதிதாக ஒரு மேஸ்திரியை வரவழைத்திருந்தார். அறுபதைத் தாண்டியவர். சுண்ணாம்படிப்பில் தொடங்கி, டிஸ்டெம்பர், எமல்ஷன் என்று எல்லாக் காலங்களையும் கையால் கடந்து வந்தவர். விளக்கை அணைக்கச் சொல்லி, கைபேசி டார்ச்சைச் சுவரோரம் வைத்து, தலையைச் சாய்த்து வெகுநேரம் பார்த்தார். முதலில் வேலை செய்தவரைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் குறைவாகச் சொல்லவில்லை.

“பெயிண்ட்ல கோளாறு இல்ல சார். கலர் ஒரே கலர்தான். செவுரு சில எடத்துல குடிச்சிருக்கு, சில எடத்துல குடிக்கல.”

இதைவிடச் சரியாக எந்தப் பாடப்புத்தகமும் சொல்லிவிட முடியாது. எமல்ஷன் பெயிண்ட் என்பது தண்ணீரில் மிதக்கும் நிறத்துகளும் பசைத்துகளும். தண்ணீர் போகப் போகப் பசைத்துகள்கள் ஒன்றோடொன்று நெருங்கி, இணைந்து, நிறத்துகள்களை நடுவில் வைத்துப் படலமாகின்றன. அடியில் இருக்கும் பரப்பு வறண்டதாக இருந்தால் தண்ணீரை அவசரமாக உறிஞ்சிக்கொள்கிறது. கூடவே பசையில் ஒரு பங்கையும் இழுத்துக்கொள்கிறது. பட்டி வைத்த இடத்தில் பிரைமர் அடிக்காமல் விட்டால் நடப்பது இதுதான். அந்த இடத்தில் படலம் ஏழ்மையாகிவிடுகிறது. மேற்பரப்பில் துகள்கள் வெறுமையாகத் துருத்தி நிற்கின்றன, ஒளியைக் கண்டபடி சிதறடிக்கின்றன, கரும்சாம்பல் வெளிறித் தெரிகிறது. பக்கத்தில் பழைய மஞ்சள் பெயிண்டின் மேல் உட்கார்ந்த பூச்சு தன் பசையை முழுதாக வைத்துக்கொண்டதால் சற்று மினுங்குகிறது. மினுங்கும் இடம் நேரே பார்த்தால் கறுத்தும், ஒளி பட்டுத் தெறிக்கும் திசையில் பார்த்தால் வெளுத்தும் இருக்கும். நண்பரும் அவர் மனைவியும் ஒரே சோபாவின் இரண்டு முனைகளில் உட்கார்ந்து, எந்தத் திட்டு வெளுப்பு, எந்தத் திட்டு கறுப்பு என்று ஒத்துப்போக முடியாமல் இருந்தார்கள். இருவரும் பார்த்தது சரிதான்.

ரோலர் தடங்களின் கதை வேறு. அங்கே சுவருக்குப் பங்கில்லை, நேரத்துக்குத்தான் பங்கு. ஒரு பட்டையை உருட்டிவிட்டு அடுத்த பட்டையை அதன் ஈர விளிம்பின்மேல் ஏற்றி உருட்ட வேண்டும். ஈரம் ஈரத்தோடு சேர்ந்தால் எல்லை கரைந்துவிடும். விளிம்பு உலர்ந்த பிறகு ஏற்றினால் அந்த இடத்தில் இரண்டு படலம், இரண்டு கனம், இரண்டு மினுக்கம். மதுரைக் கோடையில், மேலே மின்விசிறி சுழலும் அறையில், அந்த விளிம்பு ஈரமாக இருப்பது சில நிமிடங்கள்தான். நடுவில் ஒரு தொலைபேசி அழைப்பு, ஒரு தேநீர், ஏணியை நகர்த்த ஆள் இல்லாத ஒரு தாமதம், ஒவ்வொன்றும் சுவரில் கோடாகப் பதிந்துவிடும். கூரையோரக் கரையும் அப்படித்தான் வந்தது: ஓரங்களையெல்லாம் காலையில் பிரஷ்ஷால் அடித்து முடித்துவிட்டு, நடுவை மதியம் ரோலரால் நிரப்பியிருக்கிறார்கள். பிரஷ்ஷின் தடம் வேறு, ரோலரின் தடம் வேறு; இரண்டுக்கும் நடுவே ஒரு முற்பகலே போய்விட்டது.

வெளிர்நிறச் சுவர்கள் இவற்றையெல்லாம் மன்னித்துவிடும். அவற்றில் டைட்டானியம் டை ஆக்சைடு நிறைந்திருக்கிறது. அதன் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 2.7, சுற்றியிருக்கும் பசைக்கு 1.5 அளவில்தான். இந்த இடைவெளியால் ஒளி படலத்துக்குள் பலமுறை சிதறித் திரும்புகிறது. அந்தப் பெருவெளிச்சத்தில் மேற்பரப்பின் சின்ன மினுக்கம் கரைந்துபோகிறது. அடர்நிறங்களை டின்டிங் இயந்திரத்தில் கலக்க எடுக்கும் அடிப்பெயிண்டில் இந்த வெள்ளை மிகக் குறைவு, சிலவற்றில் இல்லவே இல்லை. உள்ளே போன ஒளி திரும்பி வராது. அதனால் மேற்பரப்பில் தெறிக்கும் துளி ஒளியே கண்ணுக்குப் பெரிதாகிவிடும். மெரூன் போன்ற சிவப்புகளில் இன்னொரு சிரமமும் சேர்கிறது: அவை அடியை மறைப்பதே இல்லை. கீழே சாம்பல்நிறப் பிரைமர் கொடுக்காவிட்டால் மூன்று கோட் அடித்தாலும் பழைய மஞ்சள் எட்டிப் பார்க்கும்.

சுவரைத் தொடுவதற்கு முன் இன்னொன்றைத் தீர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. தெரியும் திட்டுகளெல்லாம் சுவரில்தான் இருக்கின்றனவா? இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு பெரிய வரலாறு இருக்கிறது. பாரிஸின் கோபெலின் நெசவுக்கூடத்தில் சாயப்பிரிவின் இயக்குநராக 1824இல் பொறுப்பேற்ற வேதியியலாளர் மிஷெல் யூஜேன் ஷெவ்ரலிடம் ஒரு புகார் வந்தது. நீல, ஊதாத் துணிமடிப்புகளின் நிழலுக்காக நெய்யும் கறுப்பு நூல் போதிய அழுத்தமின்றி இருக்கிறது, சாயம் சரியில்லை என்றார்கள். அவர் வேறு ஊர்களின் சிறந்த பட்டறைகளிலிருந்து கறுப்பு நூல்களை வரவழைத்து ஒப்பிட்டார். சாயத்தில் குறையே இல்லை. கறுப்பைச் சோர்வாக்கியது பக்கத்திலிருந்த நீலமும் ஊதாவும்தான். தேடிப் போனது வேதியியல் குறை. கண்டடைந்தது கண்ணின் இயல்பு. ஆண்டுக்கணக்கில் அதைப் பின்தொடர்ந்து, நிறங்கள் ஒன்றின் அருகில் ஒன்று இருக்கும்போது எப்படி மாறித் தெரிகின்றன என்பதை 1839இல் பெருநூலாக வெளியிட்டார். ஓவியர்கள் தலைமுறை தலைமுறையாக அதைப் படித்தார்கள். சாயப்பட்டறையின் ஒரு புகாரைத் தட்டிக்கழிக்காமல் உட்கார்ந்து பார்த்த மனிதரின் கொடை அது. எனக்கு அவர்மேல் தீராத மரியாதை.

நாங்கள் செய்தது எளிய சோதனை. பழைய அட்டை ஒன்றில் நாணய அளவில் இரண்டு துளைகள் வெட்டி, ஒரு துளை வழியாகத் திட்டும் மறு துளை வழியாக நல்ல இடமும் தெரியும்படி பிடித்துப் பார்த்தோம். அட்டை சுற்றுப்புறத்தை மறைத்துவிடும். இரண்டு நிறங்கள் மட்டும் தனித்து நிற்கும். பட்டி வைத்த இடங்கள் அட்டையிலும் வேறுபட்டன. ஆனால் கதவை ஒட்டி ‘ரொம்பக் கறுத்திருக்கிறது’ என்று நண்பர் காட்டிய இடம் அட்டைக்குள் மற்ற இடத்தோடு ஒன்றாகிவிட்டது. அங்கே குற்றவாளி வெள்ளை எனாமல் அடித்த நிலைச்சட்டம்தான். அதன் வெண்மைக்கு அருகில் சாம்பல் இருண்டு தெரிந்திருக்கிறது. அந்த இடத்துக்குச் சுவரில் எத்தனை கோட் அடித்தாலும் பயனில்லை. நிலைக்குக் கரும்நிறம் கொடுத்தால் தீர்ந்தது.

சாம்பலுக்குப் பதில் மெரூனே அடித்துவிடலாமா என்ற யோசனையும் அப்போது எழுந்தது. பழைய திரையரங்குகளின் சிவப்புத் திரைச்சீலைகள் நம் நினைவில் அவ்வளவு ஆழமாக இருக்கின்றன. அதற்குக் கண்ணின் பக்கம் ஒரு நியாயம் உண்டு. ஒளி மங்க மங்கச் சிவப்பு முதலில் கறுத்துவிடும், நீலம் தாக்குப்பிடிக்கும் என்பதை போஹீமியாவைச் சேர்ந்த உடலியலாளர் யான் புர்கின்யே 1825இல் எழுதினார். பகலில் நம் கண்ணின் உணர்திறன் 555 நானோமீட்டரை ஒட்டி உச்சம் கொள்கிறது, இருட்டில் 507க்கு நகர்கிறது. விளக்கணைந்ததும் சிவப்பு அரங்கம் தானாகவே மறைந்துபோவது இதனால். ஆனால் பெரிய அரங்கில் சுவர் திரையிலிருந்து வெகுதூரம். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் சுவர் திரையின் தோளிலேயே நிற்கிறது. வெளிச்சமான காட்சியில் அந்தச் சிவப்பு திரும்பிப் போய்த் திரையில் ஏறும். முகங்களின் நிறம் மாறும். திரைக்கு அருகில் எந்த நிறச்சாய்வும் இல்லாத சாம்பல்தான் நல்லது என்று நான் வலியுறுத்தினேன். நண்பர் ஏற்றுக்கொண்டார்.

அடுத்து வந்தது, எல்லா வீட்டிலும் வரும் கேள்வி. “அந்த நாலு எடத்துல மட்டும் ஒரு டச் அப் போட்டுட்டா போதும்ல அண்ணே?”

மேஸ்திரி கொஞ்சநேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: “போடலாம் சார். நாலு எட்டாயிரும்.”

மேட் பூச்சில், அதிலும் அடர்நிற மேட் பூச்சில், ஒட்டு ஒட்டாகவே தெரியும். அதே டப்பாவின் மிச்சப் பெயிண்டாக இருந்தாலும் அன்றைக்குக் கலந்த தண்ணீரின் அளவு இன்றைக்கு வராது. அன்றைய வெக்கை இன்றில்லை. ஏற்கெனவே பூசிய இடத்தின்மேல் விளிம்பு ஏறும். அங்கே கனம் கூடும். உப்புத்தாளால் தேய்த்து விளிம்பை மழுக்கலாம் என்றால் தேய்த்த இடம் பளபளக்கும். ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தாலே அடர் மேட் சுவர் மெருகேறி அந்த இடம் தனித்துத் தெரியும். சோபாவில் தலை சாய்க்கும் உயரத்தில் அப்படி ஒரு மினுக்கத்தை எத்தனையோ வீடுகளில் பார்க்கலாம்.

இந்தச் சிக்கலின் உச்சத்தை அமெரிக்க ஓவியர் ஏட் ரைன்ஹார்ட்டின் கறுப்பு ஓவியங்களில் காணலாம். 1960 முதல் 1966 வரை அவர் ஐந்தடிக்கு ஐந்தடிச் சதுரங்களாக அவற்றைத் தீட்டினார். முதல் பார்வைக்கு வெறும் கறுப்பு. நின்று பார்த்தால் செங்கறுப்பு, நீலக்கறுப்பு, பச்சைக்கறுப்பு எனக் கட்டங்கள் மெல்லப் பிரிந்து வரும். அந்தப் பரப்பில் துளி மினுக்கமும் கூடாது என்பதற்காக எண்ணெய்ச் சாயத்திலிருந்து எண்ணெயை வடித்தெடுத்தார். விளைவு, விரல் பட்டால் போதும், ரேகை நிரந்தரம். சேதப்பட்டுத் திரும்பி வந்தவற்றை அவர் ஒட்டுப்போட்டுச் சரிசெய்யவில்லை. பரப்பு முழுவதையும் திரும்பத் தீட்டினார். அவர் 1967இல் இறந்த பிறகு அப்படிச் செய்ய உரிமையுள்ள கை இல்லாமல் போயிற்று. மற்றவர்களின் சீரமைப்புப் பூச்சுகள் ஏறி ஏறிக் கெட்டுப்போன ஒரு கறுப்பு ஓவியத்தை, இனி மீட்க முடியாது என்று கைவிட்ட காப்பீட்டு நிறுவனம், ஆய்வுக்காக நியூயார்க் குகன்ஹைம் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டது. அறிவியலாளர்கள் மேற்பூச்சுகளை லேசரால் நீக்கிப் பார்த்தார்கள். அந்த ஆய்வை 2008இல் ஒரு கண்காட்சியாகவே வைத்தார்கள். சுவரில் தொங்கியது ஒரு ஓவியத்தின் பழுது.

இதற்கு நேர் எதிர்த்திசையில் போனது ஹார்வர்டு. மார்க் ராத்கோ அந்தப் பல்கலைக்கழகத்துக்காகத் தீட்டிய பெரிய சுவரோவியங்களை 1964இல் ஒரு மேல்மாடி உணவுக்கூடத்தில் மாட்டினார்கள். பெரிய ஜன்னல்கள், தாராளமான வெயில். அவர் கலந்திருந்த லித்தால் சிவப்பு ஒளியில் வெளுக்கும் சாயம். கருஞ்சிவப்பு சீரில்லாமல் வெளிறியது; ஜன்னலுக்கு எந்தப் பகுதி எவ்வளவு அருகில் இருந்ததோ அவ்வளவு. 1979இல் கழற்றி உள்ளே வைத்துவிட்டார்கள். தொட்டால் ராத்கோவின் கை அழியும், தொடாவிட்டால் ராத்கோவின் நிறம் இல்லை. முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு வழி கண்டார்கள். பழைய வண்ணப்பட ஸ்லைடுகளையும், மாட்டப்படாமல் சுருட்டிக்கிடந்ததால் வெளுக்காமலிருந்த, அதே வரிசையின் ஆறாவது ஓவியத்தையும் கொண்டு முதல் நிறத்தைக் கணக்கிட்டு, புள்ளி புள்ளியாக எங்கே எவ்வளவு நிறம் குறைகிறதோ அவ்வளவு ஒளியை ஒரு புரொஜெக்டரால் ஓவியத்தின்மேல் வீசினார்கள். 2014 நவம்பரில் தொடங்கிய அந்தக் கண்காட்சியில் தினமும் மாலை 4 மணிக்குப் புரொஜெக்டரை அணைத்துவிடுவார்கள். வெளிறிய ஓவியம் உள்ளபடி நிற்கும். அந்த நேரத்துக்காகவே பலர் வந்தார்களாம். அணைப்பது என்று முடிவெடுத்தவர்களின் நேர்மையை நான் மிகவும் மதிக்கிறேன். செய்த திருத்தம் எது, மிஞ்சிய மூலம் எது என்று பார்வையாளருக்கு அவர்கள் திறந்தே காட்டிவிட்டார்கள்.

வீட்டுச் சுவருக்கு இந்தத் தர்மசங்கடம் இல்லை என்பது ஒரு பெரிய விடுதலை. இங்கே காப்பாற்ற வேண்டிய மூலக்கை எதுவும் இல்லை. முழுதாகத் திரும்பப் பூசும் உரிமை நமக்கு எப்போதும் உண்டு. அந்த உரிமையைப் பயன்படுத்தத் தயங்கி ஒட்டுப்போடுவதுதான் எனக்குப் புரிவதில்லை. ஒரு சுவரின் முகம் என்பது ஒரு மூலையில் தொடங்கி மறுமூலையில் முடிகிற ஒரே வேலை. திருத்துவதானாலும் அந்த மூலையிலிருந்து இந்த மூலைவரை போயாக வேண்டும்.

நம் பழைய சுண்ணாம்புச் சுவர்கள் இதை இயல்பாகவே அறிந்திருந்தன. பொங்கல் வந்தால் வீடு முழுக்க அடிப்பது, அவ்வளவுதான். சுண்ணாம்பை ஊறவைத்து, வடிகட்டி, கொஞ்சம் நீலம் சேர்த்து, மட்டையால் அடித்தால் ஈரத்தில் ஒன்றுமே தெரியாது; அடித்த இடம் எது, அடிக்காத இடம் எது என்று குழம்பும். உலர உலரக் காற்றிலிருக்கும் கரியமில வாயுவை வாங்கி வெண்மை எழும்பி வரும். திட்டு இருந்தால் அடுத்த மட்டையடிப்பு அதை மூடும், அதற்கும் மேல் அடுத்த ஆண்டு மூடும். எந்தச் சுவரும் ஒரே நாளில் சரியாகிவிட வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. இன்று எமல்ஷன் அடித்துவிட்டு ஏழெட்டு ஆண்டுகள் திரும்பிப் பார்க்காமல் இருக்க விரும்புகிறோம். அப்படியானால் அந்த ஒரு நாளின் வேலைக்கு அதற்குரிய நேரத்தையும் கூலியையும் கொடுத்தாக வேண்டும். பழுதுகளில் பெரும்பாதி சிக்கனத்தில் பிறக்கிறது: பிரைமர் வேண்டாம், ஒரு ஆள் போதும், இன்றைக்கே முடியட்டும். அந்த அவசரத்தைக் கொடுத்தது வீட்டுக்காரர். கெட்ட பெயர் பெயிண்டருக்கு.

கூலியைப் பற்றிய பேச்சு கொஞ்சம் இழுத்தது. மேஸ்திரி சுவர் முழுக்கவுக்கும் இரண்டு ஆள் கணக்கிட்டுத் தொகை சொன்னார். நண்பர் தயங்கினார். நான் மேஸ்திரி பக்கம் நின்றேன். ஒருவர் ஓரம் அடிக்க, அவர் கை உலர்வதற்குள் இன்னொருவர் ரோலரோடு பின்னால் வந்தாக வேண்டும். ஒற்றை ஆளால் ஏலாத வேலை இது. கடைசியில் நண்பரின் மனைவிதான் முடிவு சொன்னார்.

வேலை நடந்த விதத்தை அருகிலிருந்து பார்த்தேன். மேடாக நின்ற ரோலர் விளிம்புகளை 220ஆம் நம்பர் உப்புத்தாளால் சமன்படுத்தினார்கள். தூசியைத் துடைத்து, சுவர் முழுவதும், பட்டி வைத்த இடம் வைக்காத இடம் என்ற பேதமில்லாமல், சாம்பல் கலந்த பிரைமர். அது நன்றாகக் காய்ந்த மறுநாள், வாங்கிவந்த நான்கு லிட்டர் டப்பாக்களையும் பழைய மிச்சத்தையும் தனித்தனியாகத் திறந்து பார்த்து, மேஸ்திரி மிச்சத்தை ஒதுக்கிவிட்டார். புதிய டப்பாக்கள் எல்லாவற்றையும் ஒரே பெரிய வாளியில் ஊற்றிக் கலக்கினார். ஒரே எண் போட்ட டப்பாக்களானாலும் இயந்திரம் ஒவ்வொரு முறையும் இம்மியளவு மாற்றிச் சொட்டும். ஒரு டப்பா முடிந்து அடுத்தது தொடங்கும் இடம் சுவரின் நடுவில் வந்தால் அது தெரியும். தண்ணீரைக் கண்ணளவில் ஊற்றாமல் குவளையால் அளந்தார். மின்விசிறியை நிறுத்தச் சொன்னார். வெயில் தாழ்ந்த பிறகே தொடங்கினார்.

இளைஞர் ஒருவர் பிரஷ்ஷோடு ஏணியில். கீழே மேஸ்திரி ரோலரோடு. ஓரம் ஓர் ஆறடி போனதும் ரோலர் அதைத் தொட்டுவிடும். ரோலரில் பெயிண்ட் தீரும்வரை அழுத்தி உருட்டுவது பலருக்கும் வழக்கம். அவர் தீர விடவே இல்லை. ஒவ்வொரு பட்டையையும் முந்தையதன்மேல் பாதி ஏற்றினார். பட்டை நிறைந்ததும், அழுத்தமே கொடுக்காமல், கூரையிலிருந்து தரைவரை ஒரே திசையில் ஒரு கடைசி இழுப்பு. நாரெல்லாம் ஒரே பக்கம் படிந்தால் மினுக்கமும் ஒரே பக்கம் சாயும் என்றார். நடுவில் இளைஞர், விட்டுப்போன ஒரு புள்ளியைக் கண்டு பிரஷ்ஷை நீட்டினார்.

“டேய், அதத் தொடாத. காய ஆரம்பிச்சிருச்சு. ரெண்டாவது கோட்டுல தானா வந்துரும்.”

எனக்குப் பிடித்த கணம் இதுதான். குறை கண்ணெதிரே இருக்கிறது, கையில் பிரஷ் இருக்கிறது, எட்டும் தூரம்தான். தொடாமல் நகர்வதற்கு எத்தனை ஆண்டுப் பயிற்சி வேண்டும்! அரைகுறையாய்க் காய்ந்த படலத்தைத் தொட்டால் அது கிழியும், அந்தக் காயம் மூன்றாவது கோட்டிலும் ஆறாது. நல்ல தொழில்காரர்களிடம் நான் கவனித்தது, அவர்கள் கை எந்த நேரத்தில் வேலை செய்கிறது என்பதைவிட எந்த நேரத்தில் நிற்கிறது என்பதுதான். சுவர் முடியும்வரை அவர் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. கைபேசி அடித்தபோது இளைஞரே எடுத்து அணைத்துவைத்தார்.

இரண்டாவது கோட்டுக்கு, டப்பாவில் போட்டிருந்த நேரத்தைவிட அதிகமாகவே விட்டார். அதுவும் முடிந்த பிறகு, சில நாட்களுக்கு யாரும் சுவரில் சாய வேண்டாம், துடைக்க வேண்டாம், ஸ்பீக்கரை ஒட்டி வைக்க வேண்டாம் என்று சொல்லிப் போனார். நிலைச்சட்டத்தின் வெள்ளையும் போயிற்று.

சில நாள் கழித்து அதே பாலைவனக் காட்சியைப் போட்டார் நண்பர். இடதுபக்கச் சுவரை வேண்டுமென்றே பார்த்தோம். வெளிச்சம் திரையோரத்தில் தொடங்கிப் படிப்படியாகக் குறைந்து சோபாவுக்குப் பின்னால் இல்லாமல் போயிற்று. இடையில் எதிலும் தடுக்கவில்லை. கதவோரம் கறுத்துத் தெரிந்த இடமும் காணோம். பிறகுதான் நண்பரின் மனைவி அண்ணாந்து பார்த்தார். கூரை இன்னும் வெள்ளையாகவே இருந்தது. திரைக்கு நேர்மேலே நான்கைந்து அடி அகலத்துக்கு ஒளி தேங்கி நின்றது. பக்கச் சுவர்கள் அடங்கிவிட்டதால் இப்போது அறையில் மிக வெளிச்சமான இடம் அதுவாகியிருந்தது. திரைக்கு மேலே கொஞ்சம் மட்டும் அடித்தால் போதுமா, முழுக்க அடிக்க வேண்டுமா என்று நண்பர் கேட்டார். ஆடிக்குள் மூன்று நாள் ஒழித்துத் தருவதாக மேஸ்திரி சொல்லியிருக்கிறார். முழுக்கத்தான்.